வாயா, புகைபோக்கியா?

தாம்பரம் ரயில் நிலையத்தின் கிழக்கு வாசலில் இறங்கி, ஒரு நாள் மாலை சேலையூர் வரையில் நடந்து சென்றோம். நடப்பது தேகத்துக்கு நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் காரணமில்லாமல் நடப்பது நமக்குச் சலிப்பாயிருந்தது. ஆகையால் வழியிலுள்ள பல் வைத்தியர்களின் பெயர்ப் பலகைகளை எண்ணிக்கொண்டே போவது என்று தீர்மானித்தோம். பாதி வழி போவதற்குள் பத்துக்கு மேல் எண்ணியாகிவிட்டது. அப்போதுதான் இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. அநேகமாக ஒவ்வொரு பலகைக்கும் நேர் கீழே, அல்லது இரண்டு கடை தள்ளி, ஒரு பெட்டிக் கடை இருந்தது. கடையின் கம்பியில் நூல் கட்டித் தொங்கவிட்ட ஒரு லைட்டர் ஆடிக்கொண்டிருந்தது. காரியாலயத்திலிருந்து திரும்பிய கனவான்கள் அதைப் பிடித்துச் சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டு, கண்ணை மூடி முதல் புகையை உள்ளே இழுத்தார்கள். கீழே பல்லைக் கெடுக்கும் வியாபாரம். மாடியில் கெட்ட பல்லைச் சீர்திருத்தும் வியாபாரம். கட்டடத்தின் சொந்தக்காரருக்கு இரண்டு வாடகையும் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

நம்முடைய பாட்டனார் காலத்தில் பல்லுக்கென்று தனியாக ஒரு வைத்தியர் உண்டு என்பதையே பலர் அறிந்ததில்லை. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் கொல்லையில் கிடைத்தன. கொஞ்சம் நாகரிகம் முற்றிய வீடுகளில் நஞ்சன்கூடு பல்பொடிப் பொட்டலம் வந்து சேர்ந்தது. பல் ஆடினால் நூலைக் கட்டி இழுப்பார்கள். வீங்கினால் கிராம்பை வைத்துக் கடித்துக்கொள்வார்கள். பட்டணத்துக்குப் போக வசதியுள்ளவர்கள் அங்கே கடை வைத்திருந்த சீன தேசத்துப் பல் வைத்தியர்களிடம் போய்த் தங்கப் பல் கட்டிக்கொண்டு வந்து, ஊராருக்கெல்லாம் சிரித்துக் காட்டுவார்கள். கல்கத்தாவில் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது 1920-இல் பல் வைத்தியத்துக்கென்று ஒரு கல்லூரியை ஏற்படுத்தினார். பல் வைத்தியத் தொழிலுக்குச் சட்டம் வந்தது 1948-இல். சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் வைத்தியப் பிரிவு தொடங்கியது 1953-இல். இன்றோ, தாம்பரத்தைச் சுற்றிலும் பள்ளிக்கரணை, ரத்தினமங்கலம், காட்டாங்குளத்தூர் ஆகிய இடங்களில் பல் மருத்துவக் கல்லூரிகளே இருக்கின்றன. வைத்தியருக்குப் பஞ்சமில்லை. பின்னே, என்னதான் குறை?

குறை என்னவென்று நமக்கு விளங்க வைத்தவர் சேலையூரிலுள்ள நம் நண்பர் ஒருவர். அவருடைய பெயர் இங்கே வேண்டாம். முப்பது வருஷ காலம் தாம்பரத்துக்கும் கடற்கரைக்குமாக ரயிலில் போய் வந்து உத்தியோகம் பார்த்தவர். காலையில் ரயில் ஏறுமுன் ஒன்று, இறங்கியதும் ஒன்று, காப்பிக்குப் பிறகு ஒன்று என்று ஆரம்பித்து, நாளுக்குப் பன்னிரண்டு சிகரெட்டு வரையில் போயிருந்தார். அவருக்கு ஒரு பெருமை உண்டு. அவருடைய மனைவிக்குப் பல் துலக்கும்போதெல்லாம் ஈறில் ரத்தம் கசியும். "எனக்குப் பார், ஒரு சொட்டு ரத்தம் வந்ததுண்டா? சிகரெட்டு பிடிக்கிறவனுக்கு ஈறு கெட்டிப்பட்டுவிடும்!" என்று அந்த அம்மாளைப் பரிகாசம் செய்வார்.

ஒரு நாள் கீழ்வரிசையில் முன்பல் ஒன்று ஆட ஆரம்பித்தது. வலி இல்லை, வீக்கம் இல்லை, ரத்தமும் இல்லை. பல் மட்டும் ஆடியது. பெண்ணின் தொந்தரவு பொறுக்காமல் தெருக்கோடியிலுள்ள பல் வைத்தியரிடம் போனார். வைத்தியர் ஓர் இளம் பெண்மணி. வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணாடியை விட்டுப் பார்த்ததும், பல்லைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லையாம்.

"ஸார், தினம் எத்தனை சிகரெட்டு பிடிக்கிறீர்கள்?" என்று கேட்டாராம்.

"பல்லுக்கும் அதற்கும் என்ன அம்மா சம்பந்தம்?" என்றார் நண்பர்.

"பல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்கள் கன்னத்தின் உட்புறத்தில், உதடு சேரும் மூலையில், வெள்ளையாக ஒன்று இருக்கிறது. அது எத்தனை நாளாக இருக்கிறது?"

எத்தனை நாளாக இருக்கிறது என்று நண்பருக்கு எப்படித் தெரியும்? நாள்தோறும் கண்ணாடி முன் நின்று மீசையைச் சீர் செய்துகொள்கிறவர்தான். ஆனால் வாயைத் திறந்து உள்ளே பார்த்துக்கொள்கிறவர் யார்?

*

இந்த இடத்தில் கதையைச் சற்று நிறுத்திவிட்டு, நண்பரின் பெருமையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சிகரெட்டு பிடிக்கிறவருக்கு ஈறில் ரத்தம் வராதது வாஸ்தவந்தான். ஆனால் அதற்குக் காரணம் ஈறு கெட்டிப்படுவதல்ல. புகையிலையிலுள்ள நிகோடின் என்னும் சத்து மெல்லிய ரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்துவிடுகிறது. பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் அழுக்குப் படிந்து காரை கட்டும்போது, அதை எதிர்ப்பதற்காக ரத்தம் அங்கே பெருகி வர வேண்டும். அதனால்தான் நோய்ப்பட்ட ஈறு சிவந்து, தடித்து, தொட்டால் கசிகிறது. அது ஒரு எச்சரிக்கை மணி. புகை பிடிக்கிறவர் வாயில் அந்த மணியின் நாக்கைக் கட்டிப் போட்டாகிவிட்டது. நோய் சத்தமில்லாமல் உள்ளே இறங்கி, பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் எலும்பையே கரைக்கிறது. வலியில்லாமல் பல் ஆடுவதன் ரகசியம் இதுதான். புகை பிடிக்கிறவர்களுக்கு இந்த ஈறு நோய் வருவது மற்றவர்களைக் காட்டிலும் இரண்டு பங்குக்குக் குறையாது என்கிறார்கள்.

பல்லைப் பிடுங்கிய பிறகும் தொல்லைதான். பிடுங்கிய குழியில் ரத்தம் உறைந்து மூடிக்கொண்டால்தான் புண் ஆறும். வீட்டுக்குத் திரும்புகிற வழியிலேயே ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்து இழுத்தால், இழுக்கிற வேகத்தில் அந்த உறைவு பெயர்ந்துவிடும். அப்புறம் நாலைந்து நாளைக்கு நோயாளி படுகிற வேதனையைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். தாடை எலும்பில் திருகு பொருத்திப் புதுப் பல் கட்டும் நவீன சிகிச்சையும் புகைக்கிறவர் வாயில் பலிக்காமல் போவது அதிகம். ஆயிரக்கணக்கில் செலவு செய்து பல் கட்டிக்கொண்டு, அந்தப் பல்லாலேயே சிகரெட்டைக் கடித்துக்கொள்கிற கனவான்கள் நமக்குத் தெரியும்.

காரையைப் பற்றியும் ஒரு தப்பபிப்பிராயம் நம் வீடுகளில் வேரூன்றியிருக்கிறது. "பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் பல் ஆடிப்போகும்" என்று மாமியார் மருமகளுக்குச் சொல்லி, மருமகள் தன் பெண்ணுக்குச் சொல்லி வருகிறார்கள். காரையே பல்லுக்கு முட்டுக் கொடுத்தது போல நின்றுகொண்டிருந்தால், அதை எடுத்தவுடன் பல் ஆடுவது தெரிகிறது. எலும்பு அதற்கு முன்பே கரைந்து போயிருக்கிறது. பாவம், பழி மட்டும் வைத்தியர் தலையில் விழுகிறது!

*

ஆனால் பல் போவதைக் காட்டிலும் பெரிய ஆபத்து அந்த வெள்ளைப் படலம். புகையிலையின் விஷம் பட்டுப் பட்டு வாயின் உட்தோல் தடித்து வெளுக்கிறது. துடைத்தால் போகாது. வலிக்காது. பலருக்கு அது அப்படியே இருந்துவிடும்; சிலருக்குப் பல வருஷங்களில் புற்றுநோயாக மாறும். யாருக்கு மாறும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சிறு துணுக்கு ஒன்றை வெட்டி எடுத்துப் பூதக்கண்ணாடியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். வெள்ளையைவிடச் சிவப்புப் படலம் இன்னும் அதிக ஆபத்தானது. உலகத்தில் வாய்ப் புற்றால் பீடிக்கப்படுகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நம் தேசத்தார் என்பது நாம் பெருமைப்படக்கூடிய விஷயமல்ல.

இது நேற்றைக்குக் கண்டுபிடித்த சங்கதியும் அல்ல. 1902-இலேயே சென்னையில் நிப்ளாக் என்ற வைத்தியர், வெற்றிலை போடுகிறவர்களுக்கு வாயில் வரும் புற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். அப்பொழுது தென் திருவாங்கூரைச் சேர்ந்திருந்த நெய்யூர் இன்று நம் கன்னியாகுமரி ஜில்லாவில் இருக்கிறது. அங்குள்ள மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து ஆர் என்னும் டாக்டர் 1933-இல் லண்டன் 'லான்செட்' பத்திரிகையில் இதே நோயைப் பற்றி விரிவாக எழுதினார். அதே ஆஸ்பத்திரியில்தான் டாக்டர் ஸாமர்வெல் பல காலம் ரண சிகிச்சை செய்தார். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் சிகரத்தின் மீது ஏற முயன்ற கோஷ்டிகளில் இருந்தவர் அவர். எவரெஸ்டைப் பார்த்துவிட்டு வந்த மனிதர் நெய்யூரில் உட்கார்ந்து, வெற்றிலையும் புகையிலையும் மென்று புற்று கண்ட ஏழை எளியவர்களின் வாய்களை அறுத்துச் சீர்படுத்திக்கொண்டிருந்தார் என்பதை நினைக்கும்போது, மலை எது, மடு எது என்று நமக்கே புரியாமல் போகிறது.

ஆகவே, சிகரெட்டை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டுத் தாம்பூலத் தட்டை விட்டுவிடுவது நியாயமாகாது. 2016-17-இல் எடுத்த சர்க்கார் கணக்குப்படி, தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு இருபது பேர் ஏதேனும் ஒரு ரூபத்தில் புகையிலையை உபயோகிக்கிறார்கள். அவர்களில் புகைக்கிறவர்களும், மெல்லுகிறவர்களும் ஏறக்குறைய சரிபாதி. புகையிலை கலக்காத வெறும் பாக்கும் புற்றுக்குக் காரணமாகும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் 2004-இல் தீர்ப்புக் கூறிவிட்டது. பாக்கை ஓயாமல் மென்றால் வாயின் உட்சதை நாராக இறுகி, வரவர வாயைத் திறக்கவே முடியாமல் போகும். விருந்துக்குப் பிறகு வெற்றிலை போடுவது மங்களகரம் என்று நினைக்கும் சகோதரிகள் நம்மீது கோபித்துக்கொள்ளக் கூடாது. வருஷத்துக்கு நாலு கல்யாணத்தில் போடுகிறவரைப் பற்றி நமக்குக் கவலையில்லை. கன்னத்தில் அடக்கிக்கொண்டே தூங்குகிறவரைப் பற்றித்தான் கவலை. சில பல்பொடிகளிலும் பற்பசைகளிலும் புகையிலையைக் கலந்து விற்று வந்தார்கள். அதை 1992-இல் சர்க்கார் தடுத்துவிட்டார்கள். இருந்தும், காலையில் புகையிலைத் தூளால் பல் தேய்க்கும் பாட்டிமார் அங்கங்கே இன்னும் இருக்கிறார்கள்.

*

தேசாபிமானிகளுக்கு ஒரு வார்த்தை. 1930-ஆம் வருஷத்தில் அந்நியத் துணியோடு அந்நியச் சிகரெட்டையும் பகிஷ்கரித்தார்கள். மிகவும் நல்ல காரியம். ஆனால் அதன் பலனாக அநேகர் சிகரெட்டை விட்டுப் பீடிக்கும் சுருட்டுக்கும் தாவினார்கள். அவற்றுக்குச் 'சுதேசி' என்ற பட்டமும் கிடைத்தது. திருச்சிச் சுருட்டு சீமை வரையில் புகழ் பெற்றிருந்ததில் நமக்கு ஒரு மறைமுகமான கர்வங்கூட இருந்தது. உப்புச் சத்தியாக்கிரகத்தால் பெயர் பெற்ற வேதாரண்யத்துக்குப் புகையிலையாலும் ஒரு பெயர் உண்டு என்பது விதியின் விளையாட்டு அல்லாமல் வேறு என்ன? பீடியின் இலைச் சுற்று அடிக்கடி அணைந்து போவதால் அதை அடிக்கடி இழுக்க வேண்டியிருக்கிறது. ஆகையால் உள்ளே போகிற தாரும் நிகோடினும் சிகரெட்டுக்குக் குறைந்தவையல்ல. திருநெல்வேலிப் பக்கத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாள் முழுவதும் பீடி சுற்றும் பெண்கள் புகைக்காமலே அந்தத் தூளைச் சுவாசிக்கிறார்கள். புற்றுக்குச் சுதேசி விதேசி என்ற பேதம் கிடையாது.

மகாத்மா காந்தி சிறுவனாயிருந்தபோது சிற்றப்பா வீசியெறிந்த சிகரெட்டுத் துண்டுகளைப் பொறுக்கிப் புகைத்ததையும், அதற்காக வேலைக்காரனுடைய காசைத் திருடியதையும் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். 1942-இல் ஆகாகான் மாளிகையில் சிறைப்பட்டிருந்தபோது ஆரோக்கியத்தைப் பற்றி அவர் எழுத ஆரம்பித்த புத்தகத்திலும் புகையிலைக்கென்று ஓர் இடம் ஒதுக்கினார். கள்ளைப் பற்றிப் பேசிய அளவு புகையிலையைப் பற்றி அவருடைய சீடர்கள் பேசவில்லை என்பது நம்முடைய அபிப்பிராயம். இத்தனைக்கும் கள்ளும் புகையும் ஒரே வாயில் சேர்ந்தால் தீங்கு கூட்டல் கணக்காக அல்ல, பெருக்கல் கணக்காக வளர்கிறது.

தாம்பரத்துக்காரர்கள் இதையெல்லாம் மற்றவர்களைக் காட்டிலும் முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும். ஏனெனில் இந்த ஊருக்கு அடுத்த ரயில் நிலையத்தின் பெயரே 'தாம்பரம் ஸானடோரியம்'. நல்ல காற்று என்ற ஒரே காரணத்துக்காக, பச்சைமலை அடிவாரத்தில் 1928-இல் டாக்டர் சௌரிமுத்து க்ஷயரோகிகளுக்காக அந்த நிலையத்தை ஏற்படுத்தினார். இவர் அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் ஓர் ஆரோக்கிய நிலையம் நடத்தியவர். நம் கணித மேதை ராமானுஜம் 1917-இல் சிறிது காலம் அங்கே தங்கிச் சிகிச்சை பெற்றார். தாம்பரம் நிலையத்தை 1937-இல் சர்க்கார் ஏற்றுக்கொண்டார்கள். அதே வருஷத்தில்தான் கிறிஸ்துவக் கல்லூரியும் பட்டணத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்தது. சுத்தமான காற்றுக்காக ஜனங்கள் தேடி வந்த ஊரில், அந்தக் காற்றைக் காசு கொடுத்துக் கெடுத்துக்கொள்ள எத்தனை கடைகள்! புகை பிடிக்கிறவருக்கு க்ஷயரோகம் எளிதில் பிடிக்கும் என்பதும் இப்போது நிச்சயமாகத் தெரிந்த விஷயம்.

சட்டம் இல்லாமலில்லை. 2003-ஆம் வருஷத்துச் சட்டப்படி பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்குச் சிகரெட்டு விற்கக் கூடாது. கல்விச்சாலையிலிருந்து நூறு கஜத்துக்குள் கடை வைக்கக் கூடாது. 2008-ஆம் வருஷம் காந்தி ஜயந்தி முதல் பொது இடங்களில் புகைப்பதும் கண்டிப்பாகத் தடுக்கப்பட்டது; மீறினால் இருநூறு ரூபாய் வரை அபராதம். பெட்டியின் நூற்றுக்கு 85 பங்கு இடத்தில் பயங்கரமான படம் போட வேண்டும் என்ற விதி 2016-இல் அமலுக்கு வந்தது. அந்தப் படத்தைப் பார்த்தால் கல் நெஞ்சமும் கலங்கும் என்பது உண்மை. ஆனால் பார்க்கிறவர் யார்? பெட்டிக் கடையில் முக்கால்வாசிப் பேர் ஒன்று, இரண்டு என்று சில்லறையாகத்தான் வாங்குகிறார்கள். பெட்டி கடைக்காரரிடமே இருக்கிறது. அவர் ஒருவர்தான் அந்தப் படத்தை நாள் முழுவதும் தரிசித்துக்கொண்டிருக்கிறார். அவரோ சிகரெட்டு பிடிப்பதில்லை! சில்லறை விற்பனையை நிறுத்தாத வரையில் அந்தப் படங்கள் கடைக்காரருக்கு மட்டுமே பாடம் புகட்டும்.

*

இந்த நிலைமையில், பல் வைத்தியரின் நாற்காலிக்கு ஒரு விசேஷமான மதிப்பு உண்டு என்று நமக்குத் தோன்றுகிறது. நெஞ்சு வைத்தியரிடம் போகிறவர் நெஞ்சில் நோய் வந்த பிறகே போகிறார். பல் வைத்தியரிடம் நல்ல தேகத்தோடு, ஒரு சொத்தைப் பல்லுக்காகப் போகிறோம். நல்ல வெளிச்சத்தில், வாயை அகலத் திறந்துகொண்டு, மறுப்புப் பேச வழியில்லாமல் மல்லாந்து படுத்திருக்கிறோம். நாக்கின் அடியையும், கன்னத்தின் உட்புறத்தையும், அண்ணத்தையும் இரண்டு நிமிஷத்தில் அவர் பார்த்துவிடலாம். வாய்ப் புற்று கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வருகிற நோய். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். அப்படியிருந்தும் நம் நாட்டில் மிகப் பலர் முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள் என்றால், யாரும் பார்க்கவில்லை என்பதே அர்த்தம்.

எல்லாப் பல் வைத்தியர்களும் பார்க்கிறார்கள் என்று சொல்லத் துணியமாட்டோம். கறையைப் போக்கிப் பளிச்சென்று வெளுத்துக் கொடுப்பதில் சிலருக்கு உள்ள சிரத்தை, கறை எதனால் வந்தது என்று கேட்பதில் இல்லை. ஆகையால் நாமே கேட்டுவிடுவது உத்தமம். "வாய் முழுவதையும் ஒரு தடவை பாருங்கள்" என்று சொல்வதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. செலவுக்கு அஞ்சுகிறவர்கள் பல் மருத்துவக் கல்லூரிகளுக்குப் போகலாம். அங்கே மாணவர்கள் ஆசிரியரின் மேற்பார்வையில் குறைந்த செலவில் பார்க்கிறார்கள்.

வீட்டிலும் மாதம் ஒரு முறை கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொள்ளலாம். இரண்டு வாரமாகியும் ஆறாத புண், துடைத்தால் போகாத வெள்ளையோ சிவப்போ, காரணமில்லாத தடிப்பு, நாக்கில் மரமரப்பு ஆகியவற்றில் எது இருந்தாலும் மறுநாளே வைத்தியரிடம் போக வேண்டும். தன்னுடைய மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் விட முடியாதவர்கள், முக்கியமாகப் பாக்கு மெல்லும் வாலிபர்கள், உடனே போக வேண்டும்.

நம் தென் பக்கத்துக்காரர்களுக்கு அடையாறு வெகு தூரமில்லை. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தை மறவாத டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால், 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் ஆரம்பித்த புற்றுநோய் ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது. அம்மையாரின் குமாரர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021-இல் காலமான டாக்டர் சாந்தாவும் அதைத் தேசம் அறிந்த ஸ்தாபனமாக வளர்த்தார்கள். புகையிலையை விட முடியாமல் தவிக்கிறவர்களுக்கு ஆலோசனை கூறும் பிரிவு ஒன்றும் 2002 முதல் அங்கே நடந்து வருகிறது. வீட்டைவிட்டு நகர விரும்பாதவர்கள் 1800-11-2356 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் டெலிபோன் செய்யலாம், சர்க்காரே நடத்துவது.

*

நண்பரின் கதைக்கு வருவோம். துணுக்கை எடுத்துப் பரீட்சை செய்தார்கள். முடிவு வருவதற்கு ஆன எட்டு நாட்களில் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது என்றுதான் பெயர். புற்று அல்ல, ஆனால் அந்தப் பாதையில் ஓர் அடி எடுத்து வைத்தாயிற்று என்று சொன்னார்கள். படலத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். சிகரெட்டை அன்றோடு விட வேண்டும் என்று அந்த இளம் வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். புகையை விட்டவர்களுக்கு வாய்ப் புற்றின் அபாயம் ஐந்திலிருந்து பத்து வருஷத்துக்குள் பாதியாகக் குறையும் என்று தைரியமும் கூறினாராம்.

முதல் முயற்சியில் பதினோரு நாள் தாங்கினார். பன்னிரண்டாம் நாள் ரயில் தாமதமாக வந்தது, அவ்வளவுதான். மறுபடியும் வைத்தியரிடம் போய் ஒப்புக்கொண்டார். அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. "இரண்டு மூன்று தடவை தவறி விழுந்த பிறகுதான் அநேகம் பேர் விடுகிறார்கள். மறுபடி ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள்" என்றார். நிகோடின் கலந்த மெல்லும் பசையை எப்படி உபயோகிப்பது என்றும் சொல்லிக் கொடுத்தார். இரண்டாம் முறை தேறிவிட்டார்.

ஆனால் ஒரு மாதம் கழித்து நம்மிடம் வந்து ஒரே ஆத்திரமாகப் பேசினார். "இது என்ன ஐயா அக்கிரமம்! முப்பது வருஷமாக ஈறில் ரத்தம் என்பதையே அறியாதவன். சிகரெட்டை விட்டதும் துலக்கும்போதெல்லாம் கசிகிறதே! இதற்காகவா விட்டேன்?" என்றார். அந்த அம்மாளிடம் போய்க் கேட்கும்படி சொன்னோம். சுருங்கியிருந்த ரத்தக் குழாய்கள் விரிந்து, ஈறு மறுபடியும் உயிர் பெற்றுத் தன் நோயைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறது, அவ்வளவுதான் என்று அவர் விளக்கினாராம். காரையை எடுத்துச் சுத்தம் செய்த பிறகு கசிவும் நின்றுவிட்டது. ஆடிய பல்லைக் காப்பாற்ற முடியவில்லை.

இப்போது ரயிலடியில் நிலக்கடலைப் பொட்டலம் வாங்கிக்கொண்டு நிற்கிறார். மனைவியைப் பரிகாசம் செய்வதில்லை. இருவரும் சேர்ந்தே வைத்தியரிடம் போகிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கன்னத்தின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்களாம். அடுத்த தடவை ஆவணியில்.